கூடமாட இருக்க வந்தவள்

தெய்வநாயகியை மரக்காணத்துக்கு பஸ் ஏற்றிவிட்டபோது அவள் அம்மா சொன்னது இவ்வளவுதான்: "அக்கா பச்ச ஒடம்புக்காரி. ஒரு மாசம் கூடமாட இருந்துட்டு வந்துடுடி."

அவர்கள் ஊரான பிரம்மதேசத்தில் அப்போது மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை ஆயும் காலம். வீட்டில் எல்லாருக்கும் கை நிறைய வேலை இருந்தது. அதில் தெய்வநாயகியின் கையைத்தான் சுலபமாக விடுவிக்க முடியும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. அவளுக்கு இருபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் பையில் ரெண்டு பாவாடை தாவணியும், ஒரு சீப்பும், அக்காவுக்கென்று அம்மா இடித்துக் கொடுத்த மருந்துப் பொடியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒரு மாசம்தானே என்று கண்ணாடியைக்கூட வீட்டு மாடத்திலேயே விட்டுவிட்டு வந்தாள்.

மரக்காணத்தில் அக்கா சூர்யகலா கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் புதிதாகப் பிறந்த சத்யப்ரியா. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, அம்மா தன்னைத் தூக்கவில்லை என்று அழுதுகொண்டிருந்த மூத்த பிள்ளை சரத்குமார். அக்கா புருஷன் பக்தவச்சலம் குத்தகைக்கு உப்பளம் எடுத்துச் செய்பவர். சீசன் தொடங்கிவிட்டால் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். தெய்வநாயகி பையைக் கீழே வைத்த கையோடு சரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. "அப்பாடா" என்று கண்ணை மூடிய சூர்யகலா, சாயங்காலம் வரைக்கும் தூங்கினாள்.

கூடமாட என்றால் என்னவென்று யாரும் அவளுக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டிய சொல்லும் அல்ல அது. 'கூட' என்றால் உடன். 'மாட' என்பதற்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது, 'கூட'வின் பின்னால் சும்மா ஒட்டிக்கொண்டு வருவது. ஒருவர் வேலை செய்வார், இன்னொருவர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார், பிடித்துக் கொடுப்பார், விட்ட இடத்திலிருந்து முடித்தும் கொடுப்பார். வேலை முடிந்த பிறகு பேர் முதலாமவருடையது.

அந்த வீட்டில் மீன்குழம்பு சூர்யகலா வைப்பதுதான். மீனை ஆய்வதும், புளியைக் கரைப்பதும், மிளகாய் அரைப்பதும், அடுப்பைத் தணிப்பதும் தெய்வநாயகி. சாப்பிட்டவர்கள், "சூர்யகலா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்பார்கள். சூர்யகலா ஒருநாளும் தங்கையை மறைத்துப் பேசியதில்லை. "எங்க நாயகியும் கூடமாட இருந்தா" என்று தவறாமல் சொல்வாள். அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்து அவளைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு மாதம் முடியும்போது குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அது தேறியதும் சரத்துக்கு அம்மை. அம்மை இறங்கியபோது உப்பளத்தில் வேலை உச்சத்தில் இருந்தது, ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. சாப்பாடு கொண்டுபோனவள், அங்கே ஒருத்தி காலில் கிளிஞ்சல் ஓடு கிழித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவள் பலகையை வாங்கி உப்பு வாரினாள். அதன் பிறகு, எப்போது ஊருக்குப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பிரம்மதேசத்தில் அம்மா செத்ததும் அந்த வீடு அண்ணன் வீடாகிவிட்டது. கண்ணாடி மாடத்திலேயே இருந்ததா, உடைந்ததா, அவளுக்குத் தெரியாது.

அவளைப் பெண் பார்க்க வந்தது ஒரே ஒரு இடம்தான். பெருமுக்கல்லிலிருந்து செல்லப்பன் என்ற பையன். லாரியில் கிளீனராக இருந்து அப்போதுதான் டிரைவர் ஆகியிருந்தான். அவன் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணுக்கு இன்னா இன்னா தெரியும்?" என்று கேட்டாள்.

"எல்லாம் தெரியும்மா. எனக்குக் கூடமாட இருந்தே எல்லாத்தையும் கத்துக்கிட்டா" என்றாள் சூர்யகலா.

செல்லப்பன் தட்டிலிருந்த கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் வந்தான். தெய்வநாயகி அங்கே பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

"கேசரி யாரு கிண்டுனது?"

"அக்கா."

"நெசமாவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் கூடமாட இருந்தேன்" என்றாள். அவன் சத்தமாகச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

பிடித்திருக்கிறது என்று பெருமுக்கல்லிலிருந்து தகவல் வந்த வாரத்தில் சூர்யகலாவுக்கு வயிற்று வலி தாங்காமல் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. "அக்கா எழுந்து நடமாடட்டும், இந்த சீசன் முடியட்டும்" என்று சொல்லியனுப்பினார்கள். செல்லப்பன் வீட்டில் சரி என்றார்கள். ஆடி போயிற்று. மழை வந்து உப்பளத்தில் தண்ணீர் நின்றது. "தை பொறக்கட்டும்" என்று மறுபடி சொல்லியனுப்பினார்கள். அவன் அம்மா, "அந்த வீட்ல பொண்ணக் குடுக்க மாட்டாங்க, வச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, வானூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தாள். வேண்டாம் என்று இந்தப் பக்கமும் யாரும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் சொல்லவில்லை.

செய்தி கேட்ட அன்று தெய்வநாயகிக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், ஊட்டி முடித்தாள். ஏக்கம் பின்னால்தான் வந்தது, கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில். சரத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஈ.சி.ஆர். ஓரமாக வந்துகொண்டிருந்தாள். உப்பளத்து வேலைக்குப் போகும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் டி.வி.எஸ். வண்டியில் அவளைத் தாண்டிப் போனார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, புருஷன் முதுகில் கன்னத்தைச் சாய்த்து அரைத்தூக்கத்தில் இருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. தெய்வநாயகி சாலையோரத்தில் நின்றுவிட்டாள். அந்த வண்டி ஒரு புள்ளியாகி மறையும்வரை நின்றாள்.

அதன் பிறகு ஒரு சீசனில், உப்பு ஏற்ற வந்த லாரியிலிருந்து செல்லப்பன் இறங்கினான். அவளைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அவள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"நல்லாருக்கீங்களா?"

"ம். நீங்க?"

"பொண்ணு பொறந்திருக்குது."

"சந்தோசம்" என்றாள். உண்மையாகவே சொன்னாள்.

அப்படித்தான் அது தொடர்ந்தது. எல்லாரையும்போல அவளும் அவனை 'டிரைவர்' என்றே கூப்பிட்டாள். லோடு ஏற்றும்போது மற்ற டிரைவர்கள் கேபினில் கால்நீட்டிப் படுத்துவிடுவார்கள். செல்லப்பன் இறங்கி வந்து, உப்புக் குவியல் பக்கத்தில் நின்று, பெண்களின் தலைக்குக் கூடையைத் தூக்கிவிடுவான். நிரம்பிய கூடையை யாராலும் தனியாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் அவள் பிடிக்க, ஒரு பக்கம் அவன் பிடிக்க, "ம்" என்று ரெண்டு பேரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஆள் குறைந்த நாட்களில் தெய்வநாயகியும் கூடை சுமந்தாள். அவள் முறை வரும்போதும் அவன் மற்றவர்களுக்குப் போலவேதான் தூக்கிவிட்டான். கூடுதலாக ஒரு வார்த்தை இல்லை, ஒரு பார்வை இல்லை. ஆனால் அந்த ஒரு மூச்சுக்காகவே அவள் நிழலில் உட்காராமல் வரிசையில் நின்ற மத்தியானங்கள் உண்டு.

போகும்போது எந்த ஊருக்கு லோடு என்று சொல்லிவிட்டுப் போவான். ஓசூர் என்பான், சித்தூர் என்பான். திரும்பி வரும்போது, "ஓசூர்ல செம மழ" என்பான். தான் பார்த்தேயிராத ஓசூரில் பெய்த மழையை, அடுத்த லோடு வரும் வரைக்கும் தெய்வநாயகி நினைத்துக்கொண்டிருப்பாள்.

வருஷங்கள் அந்த வீட்டுக்கு நல்லபடியாகத்தான் போயின. சரத் படித்து ஒரகடத்தில் கார் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். சத்யா இன்ஜினீயரிங் முடித்து சென்னையில் வேலை கிடைத்து, கூட வேலை செய்கிற பையனையே கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்து மீட்டிங், ஆஸ்பத்திரி, காதுகுத்து, சடங்கு எதிலும் தெய்வநாயகி இருப்பாள். போட்டோவில்தான் ஓரமாக இருப்பாள், சிலதில் பாதிதான் விழுந்திருப்பாள். செல்லப்பனின் பெண்ணும் வளர்ந்து திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் அவன் மனைவி உடம்பு சரியில்லாமல் இறந்துபோனாள். விஷயம் கேள்விப்பட்டபோது தெய்வநாயகி அழுதாள். பார்த்தேயிராத ஒரு பெண்ணுக்காக எதற்கு இவ்வளவு அழுகிறாள் என்று சூர்யகலாவுக்குப் புரியவில்லை.

போன புயல்மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீரில் போயிற்று. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே ஏரி. அந்த மழையில்தான் சத்யா பிரசவத்துக்கு வந்திருந்தாள். தண்ணீர் வடிந்து, மண் இறுகி, பாத்திகளை மிதித்துச் சரிசெய்யும் வேலை தொடங்கியபோது பேரப்பிள்ளைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

பாத்தி மிதிப்பது லேசான வேலை இல்லை. சேற்றைக் காலால் அடித்து அடித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். பெண்கள் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் காலைத் தூக்கி ஒரே நேரத்தில் வைத்து மிதிப்பார்கள். ஒருத்தி பிந்தினால் வரிசையே தடுமாறும். தெய்வநாயகி அந்த வரிசையின் கடைசியில் நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது, வரப்பின்மேல் செல்லப்பன் வந்து நின்றான். அவள் காலைக் கழுவாமல் அப்படியே கரையேறினாள்.

"லோடு இல்லியே டிரைவர். உப்பு எறங்க இன்னும் நாளாவும்."

"தெரியும். பஸ்லதான் வந்தேன்."

அவள் அப்போதுதான் பார்த்தாள். சாலையில் லாரி இல்லை. அவன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான்.

"எம்பொண்ணு சொல்லிக்கினே இருக்குது. தனியா கெடக்காதப்பா, கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆளப் பாத்துக்கோன்னு."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஒத்தாசைக்குன்னா பெருமுக்கல்லயே ஆளு கெடைக்குமே. அதுக்கு இவ்ளோ தூரம் வரணுமா?"

"ஒத்தாசைக்கு எனக்கு ஆள் வேணாம்" என்றான் அவன். "சோறு ஆக்கிக்கறேன். துணி தொவச்சுக்கறேன். வூடு கூட்டறேன். நான் கேக்க வந்தது வேற." கொஞ்ச நேரம் உப்பளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கூட இருக்கியா? மாட எல்லாம் வேணாம். கூட மட்டும் இரு."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் அவளை நீ என்று சொன்னான். சேறு அவள் காலில் காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது. கீழே பெண்களின் வரிசை மிதிப்பதை நிறுத்திவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தாள். வெளியே வந்தது வேறு.

"சத்யாவுக்கு லீவு முடியுது. கொழந்தைய வச்சுக்கினு மெட்ராஸ்ல தனியா கஷ்டப்படும். ஒரு ஆறு மாசம் கூடமாட இருங்க சித்தின்னு கேட்டிருக்குது. சரின்னுட்டேன்."

செல்லப்பன் சிரித்தான். கொல்லைப்புறத்தில் சிரித்த அதே சிரிப்புதான், ஆனால் சத்தம் குறைந்திருந்தது. "கூடமாட, கூடமாடன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில எங்கிட்ட கூட மாட்டேன்னு சொல்லிட்டியே."

அவள் காலில் காய்ந்த சேற்றை மற்றக் கால் விரலால் சுரண்டினாள்.

"தமாசுக்குச் சொன்னேன். மனசுல வச்சுக்காத" என்றான். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் திரும்ப வரிசையில் போய் நின்றாள். அன்று சாயங்காலம்வரை அவளுக்குக் கால் ஒத்துவரவில்லை. பக்கத்தில் நின்ற வைஜெயந்தி, "ஏங்க்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று ரெண்டு தரம் கேட்டாள்.

சென்னையில் சத்யாவின் வீடு உயரத்தில் இருந்தது. பால்கனியில் நின்றால் எதிரே இதேபோல ஒரு கட்டிடம், அதில் இதேபோல பால்கனிகள். காலையில் சத்யாவும் அவள் புருஷனும் கிளம்பிப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். குழந்தை அவளிடம் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்குக் குறையே இல்லை. அது தூங்கும் நேரத்தைத்தான் தள்ள முடியவில்லை. உப்பளத்தில் இந்நேரம் தண்ணீர் மேல் ஆடை கட்டுவதுபோல உப்புப் பூக்கத் தொடங்கியிருக்கும் என்று நினைப்பாள். அப்படியே நினைப்பு சாலைக்கு ஓடும், சாலையிலிருந்து லாரிக்கு.

ஒருநாள் மத்தியானம் அவளே போன் போட்டாள். மறுமுனையில் இன்ஜின் சத்தம் குறைந்தது. வண்டியை ஓரம் கட்டுகிறான் என்று தெரிந்தது.

"கொழந்த தூங்குதா?" என்றான்.

"தூங்குது. எங்க இருக்கீங்க?"

"ஊத்தங்கரை தாண்டிட்டேன். ரெண்டு பக்கமும் புளியமரம். நல்ல நெழல்." பிறகு, "சாப்டியா?" என்றான்.

"ம்."

அதற்குமேல் ரெண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. போனை வைக்கவும் இல்லை. பின்னால் வண்டிகள் போகும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கியது. "எழுந்திருச்சு போல, போய்ப் பாரு" என்று அவன்தான் வைத்தான். சாப்டியா என்று தன்னைக் கேட்டவர்கள் யார் யார் என்று அன்று முழுக்க யோசித்துப் பார்த்தாள். குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று அவளிடம் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

எதிர்வீட்டில் லூர்துமேரி என்று ஒரு அம்மா இருந்தாள். ரிட்டயரான டீச்சர், நல்ல மனுஷி. வந்த புதிதில் சத்யா லிஃப்ட் வாசலில் வைத்து அறிமுகப்படுத்தினாள்: "எங்க சித்தி ஆன்ட்டி. கூடமாட ஒத்தாசைக்கு ஊர்லேருந்து வந்திருக்காங்க." லூர்துமேரி டீச்சர் கையைப் பிடித்து விசாரித்தாள். அதிலிருந்து பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

குழந்தையை வெயில் இறங்கக் கீழே கொண்டுபோன ஒருநாள் டீச்சர் பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "எம்மருமகளும் மாசமா இருக்கா. உங்கள மாதிரி கொழந்தைய பாத்துக்கறவங்க இந்தக் காலத்துல கெடைக்கிறது கஷ்டம். சத்யா வீட்ல முடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வர்றீங்களா? உங்கள நல்லா வச்சுப்போம்."

நான் வேலைக்காரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெய்வநாயகி சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டதில் தப்பாக ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேம்மா" என்றாள். யாரிடம் கேட்க வேண்டும் என்று யோசித்தபடியே மேலே வந்தாள்.

சாயங்காலம் சத்யாவிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சத்யாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்கள வேலைக்கு வந்த ஆளுன்னு நெனச்சிட்டாங்களா? நான்தான் சித்தின்னு சொன்னேனே! இப்பவே போய்க் கேக்கறேன்."

"வேணாம், உக்காரு. சித்தின்னு அவங்களுக்குத் தெரியும். கூடமாட ஒத்தாசைக்குன்னும் நீதான் சொன்ன. ரெண்டுல எது பெருசுன்னுதான் அவங்களுக்குக் கொழப்பமாயிடுச்சு."

சத்யா உட்கார்ந்தாள். தெய்வநாயகி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். இதைச் சொல்வாள் என்று அந்த நிமிஷம் வரை அவளே நினைக்கவில்லை.

"சத்யா, எனக்கு ஒரு எடத்துக்குப் போவணும்."

செல்லப்பனைப் பற்றிச் சொன்னாள். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் மனசில் இருந்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"லாரி டிரைவரா? அந்தச் செல்லப்பனா?" என்றாள் சத்யா. பிறகு, "இந்த வயசுலயா சித்தி?" பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "அப்ப அம்மாவ யாரு பாத்துப்பா?"

ரெண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் காலையில் சத்யா ஆபீசுக்குக் கிளம்பாமல் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "எனக்கு உங்களத் தவிர யாரையும் தெரியாது சித்தி. ஜுரம் வந்தா அம்மான்னு கத்தமாட்டேன், சித்தின்னுதான் கத்துவேன். அதனால உங்களுக்குன்னு எதுவும் வேணும்னு நான் நெனச்சே பாக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மாமியார வரச் சொல்லிட்டேன். உங்களுக்கு நாளைக்கு பஸ் புக் பண்ணிட்டேன்."

மரக்காணத்தில் சூர்யகலாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. வெயில் நேரம். சூர்யகலா நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முட்டிவலியால் அவளால் இப்போது தரையில் உட்கார முடிவதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கீரைக் காம்பைக் கீழே எறிந்தாள்.

"உன்ன யாருடி இங்க புடிச்சுக் கட்டி வச்சது? அன்னிக்கே எனக்கு அவரப் புடிச்சிருக்குதுக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஆஸ்பத்திரி பெட்டுலேருந்து எழுந்து வந்து கல்யாணம் பண்ணி வச்சிருப்பேன். ஊரே இன்னா சொல்லும்? தங்கச்சிய வச்சு வேல வாங்கினான்னு சொல்லாது?"

"நீ கேட்டியாக்கா?"

சூர்யகலா கீரையை உருவினாள். ஒரு கொத்து முடிந்து இன்னொரு கொத்தை எடுத்தாள். அதுவும் முடிந்தது.

"கேக்கல" என்றாள். "கேட்டா நீ போயிடுவன்னு தெரியும். எனக்கு ஒண்டியா இருக்க பயமா இருந்துச்சு."

தெய்வநாயகி அவள் காலடியில் உட்கார்ந்து, மிச்சக் கீரையைத் தன் மடியில் போட்டுக்கொண்டு உருவினாள். ரெண்டு பேரும் அழுதார்கள். கோபமும் இருந்தது, அதைவிடப் பழகிய ஏதோ ஒன்றும் இருந்தது.

பக்தவச்சலம் எல்லாவற்றையும் வாசல் பக்கம் நின்று கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பெருமுக்கல்லுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, "ஆவணியில ஒரு நல்ல நாள் இருக்குதாம்" என்றார். "எனக்கு யாருங்க?" என்று சூர்யகலா மறுபடி தொடங்கியபோது, "ஏன், நான் இல்ல? கீர ஆய எனக்கு வராதா?" என்றார். அவருக்கு வராது. ஆனாலும் அன்றிலிருந்து அடுப்படிக்கு வந்து நிற்கப் பழகினார்.

பெருமுக்கல் மலையடிவாரத்தில் சாதாரணமாகக் கல்யாணம் நடந்தது. சத்யா குழந்தையோடு வந்தாள், சரத் லீவு போட்டு வந்தான், செல்லப்பனின் மகள் திண்டிவனத்திலிருந்து மாலை வாங்கி வந்தாள். தாலி கட்டும்போது நாத்தனார் நிற்க வேண்டிய இடத்தில் சூர்யகலா முட்டிவலியோடு நின்று விளக்குப் பிடித்தாள். உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை.

பெருமுக்கல்லில் முதல் நாட்களில் அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. செல்லப்பன் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிக்கொண்டு நின்றே குடித்தாள். "உக்காரு" என்பான். உட்கார்ந்தால் கை எதையாவது தேடும். வேலை எதுவும் நடுவில் இல்லாமல் ஒரு ஆளின் எதிரே எப்படி உட்காருவது, எங்கே பார்ப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கும் பெரிதாகப் புரியவில்லை. ரெண்டு பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெல்ல மெல்லத்தான் பேச்சு வந்தது. லாரியில் போன ஊர்களை அவன் சொல்வான். அவள் ஓசூர் மழையைப் பற்றி இன்னும் விவரமாகக் கேட்பாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் காலையில் கண் விழித்ததும் காதில் எதுவோ குறைந்தது. சரத் விட்டுப்போன அறையில் அவள் தலைக்குமேல் ஓடும் பழைய ஃபேன் சத்தம், அக்காவின் முனகல், உப்பளத்து மோட்டார். இங்கே மண் சிவப்பாகவும் பாறை கறுப்பாகவும் இருந்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் பச்சை. கண் கூசும் அந்த வெள்ளையை ஒருநாளாவது பார்க்க வேண்டும்போல இருந்தது. இத்தனை நாள் அங்கிருந்து இந்தப் பக்கத்துக்கு ஏங்கியவள், இப்போது இங்கிருந்து அந்தப் பக்கத்துக்கு ஏங்கினாள். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினாள். பிறகு சொல்லியும்விட்டாள். அவன் ஒன்றும் வருத்தப்படவில்லை. "மலமேல ஏறுனா கெழக்குப் பக்கம் ரொம்ப தூரம் தெரியும். வா" என்றான்.

ஒரு சாயங்காலம் ஏறினார்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிழக்குப் பாறைக்குப் போனார்கள். வயல், ஏரி, பனைமரக் கூட்டம், அதற்கப்பால் எல்லாம் ஒன்றாகக் கலங்கி நின்றது. அடிவானத்தை ஒட்டி வெளிறிய ஒரு கோடு தெரிந்தது.

"அதுதான நம்ம உப்பளம்?"

"அவ்ளோ தூரம் தெரியாதும்மா. வானம் வெளுத்திருக்குது, அவ்ளோதான்."

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். அவன் பாறையில் உட்கார்ந்துகொண்டான். கிளம்பலாம் என்று அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த வெளிறிய கோட்டுக்குமேல் மேகம் கறுத்துத் திரண்டது.

"அங்க மழ வருது" என்றாள். "அக்கா மாடியில மொளகா காயப் போட்டிருப்பா. அந்த முட்டிய வச்சுக்கினு படியேற முடியாது. மாமாவுக்கு ஞாபகம் இருக்காது."

போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. இன்னொரு பக்கமாகத் திரும்பித் தூக்கிப் பிடித்தாள்.

செல்லப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "கோயிலுக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் மேடு இருக்குது. அங்க போனா கெடைக்கும்" என்று சொல்லி நடந்தான். அவள் போனை முந்தானையில் முடிந்துகொண்டு அவன் பக்கத்தில் ஏறினாள்.